மூன்றாம் பாய்

கொட்டகையில் ஐஸ் உடைக்கும் சத்தம் கேட்டதும் குணசுந்தரி இறால் கூடையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். பக்கத்தில் மகள் லோகநாயகியின் இடம் காலி. தலை கிள்ள ஒருத்தி, ஓடு உரிக்க ஒருத்தி என்று அங்கே ஜோடியாகத்தான் வேலை. பள்ளிக்கூடம் விட்டதும் பெண்பிள்ளைகள் பையோடு நேராக அங்கேதான் வருவார்கள்.

"உம்பொண்ணு இன்னா, கலெக்டர் வேலைக்குப் பூட்டாளா?" என்றார் மேஸ்திரி அங்கமுத்து. "ஜோடி இல்லேன்னா எடம் இல்ல, தெரியுமில்ல?"

"வாத்தியார் குந்த வெச்சிக்கினாராம்ணே. தோ, இட்டாந்துர்றேன்."

பள்ளிக்கூடம் ஒரே அறை. வேதாசலம் வாத்தியார் அதில் மூன்று பாய் விரித்திருந்தார். சரளமாகப் படிப்பவர்கள் முதல் பாயில். எழுத்துக் கூட்டிப் படிப்பவர்கள் இரண்டாவதில். முதல் பாயிலிருந்து அவர்களுக்கு ஆளுக்கொரு துணை. எழுத்தே பிடிபடாதவர்கள் மூன்றாவதில். மணியடித்த பிறகு அவர்களை மட்டும் நிறுத்தி, ஒவ்வொருவராக அருகில் அழைத்து, விரலைப் பிடித்து எழுதவைப்பார். லோகநாயகி இருந்தது அங்கே. இந்த வருஷமும் தேறாவிட்டால் படிப்பு போதும் என்று அவள் நைனா நீலமேகம் சொல்லியிருந்தான்.

குணசுந்தரிக்குப் பாய்களின் கணக்கு வேறாகப் பட்டது. ஏரியில் வலைபோடும் இடத்துக்குப் பாடு என்று பெயர். சீட்டுக் குலுக்கி முறை வைத்துத்தான் பாடுகளைப் பிரிப்பார்கள். இன்றைக்கு மீன் படாத பாட்டில் நிற்பவனுக்கு நாளைக்கு மீன் கொழிக்கும் முகத்துவாரப் பாடு வரும். யாரும் ஒரே இடத்தில் கிடக்க வேண்டியதில்லை. பள்ளிக்கூட வாசலில் நின்று அதையே கேட்டாள்.

"சார், தீவாளிலேர்ந்து எம்பொண்ணு மூணாம் பாயிலயே கீது. மொதல் பாய்க்கு எங்க மொறை எப்போ வரும்?"

வாத்தியார் சாக்பீஸைக் கீழே வைத்தார். அடக்கிய சிரிப்பு மீசையில் தெரிந்தது.

"இது பாடு இல்லம்மா. மொறை வெச்சு மாறாது. படிக்கப் படிக்கத்தான் பாய் மாறும்."

"அப்போ மூணாவது, ஒண்ணுத்துக்கும் ஒதவாததுங்களுக்கா?"

"இத்தனை புள்ளைங்கள்ல இந்த நாலு பேருக்குத்தான் நான் தனியா நேரம் குடுக்கறேன். நீயே சொல்லு, எது நல்ல பாடு?"

லோகநாயகி நாக்கின் நுனியைக் கடித்துக்கொண்டு எழுதிக்கொண்டிருந்தாள். அம்மா வந்ததைக்கூடப் பார்க்கவில்லை.

"சரி, வெச்சிக்கினு சொல்லிக்குடு சார். காதைத் திருகாத. அது அப்பன் மாரி, கோவம் வந்தா சோறு துன்னாது."

ஜோடிக்கு ஆள் எதிர்வீட்டிலேயே கிடைத்தது. குப்பம்மா தன் மகள் அம்மணியைக் கையைப் பிடித்துக் கொண்டுவந்து விட்டாள். "இதும் மூணாம் பாய்தான். எப்பப் பாரு அதே ஆனா, ஆவன்னா. நீ இட்டுக்கினு போ, புண்ணியமாப் போவும்." குணசுந்தரிக்கு மனம் நிறைந்தது. அம்மணிக்கு வேகமான விரல்கள்.

பொங்கல் கழிந்து லோகநாயகி இரண்டாம் பாய்க்குப் போனாள். அன்று கருவாடு கட்டியிருந்த செய்தித்தாளைப் பிரித்து வைத்து, எழுத்து எழுத்தாகக் கூட்டி ஒரு வரி படித்தாள். நீலமேகம் அதே வரியை மறுபடி படிக்கச் சொன்னான். கேட்டுவிட்டு, சட்டை போட மறந்து, பக்கத்து வீட்டுக்குச் சொல்லப் போனான்.

மறுநாள் கொட்டகையில் குணசுந்தரியின் கை பாட்டுப்போல ஓடியது. "எங்க லோகம் ரெண்டாம் பாய்க்கு வந்துட்சிடீ," என்றாள்.

"தெரியும் அத்தே. லோகம் அக்கா சொல்லிச்சி." அம்மணி சிரித்தாள். ஐஸில் ஊறி அவள் விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கியிருந்தன. இப்போதெல்லாம் அவள் காலையிலேயே வந்துவிடுகிறாள்.

புதுக்கூடைக்கு இடம்விட அவள் எழுந்தபோது, பாவாடை நனையாமலிருக்கத் தரையில் போட்டு உட்கார்ந்திருந்தது அவளுடைய சிலேட்டு என்பது தெரிந்தது. அவள் எழுதிப் பழக வாத்தியார் பெரிதாகப் போட்டுக்கொடுத்த 'அ' அதில் பாதி அழிந்து கிடந்தது. கூடையிலிருந்து வழிந்த ஐஸ் தண்ணீர் மெல்ல மீதிப் பாதியைத் தொட்டது. அம்மணி சிலேட்டைச் சற்றே நகர்த்திப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்து, அடுத்த இறாலை எடுத்தாள்.