நளீர் சேர்த்த ஒன்பது

கல்முனையில் கணித ஆசிரியர் என்றால் நளீர் சேர்தான் என்றிருந்த காலம் ஒன்று உண்டு. மாமி பாத்தும்மாவின் வீட்டிலும் மூத்த மருமகன் என்ற கெத்து அவருக்குக் குறையவில்லை. வெள்ளிக்கிழமைச் சாப்பாட்டில் எல்லோரும் சுற்றியிருந்து உண்ணும் பெரிய தட்டமான சகனில் அவர் கை வைக்காமல் யாரும் சோற்றைத் தொடமாட்டார்கள். அப்படியிருக்க, மச்சினிச்சியைக் கட்டிக்கொண்டு அர்ஹம் வந்து சேர்ந்தான். அவனும் கணிதக்காரன், அதுவும் பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கிறவன். விளைமீன் பொரியலின் நடுத்துண்டு அன்றிலிருந்து புது மாப்பிள்ளைப் பக்கமே விழுந்தது. மீன் போனால் போகட்டும் என்று நளீர் விட்டுவிட்டார். மகளை விட்டுக்கொடுக்கத்தான் அவரால் முடியவில்லை.

மகள் ஆதிலா பத்தாம் வகுப்பு. வாப்பாவோடு கணக்குச் செய்வதில் அவளுக்குப் பெரிய சந்தோஷமே அவர் பிழை விடுவதுதான். "பிழை வாப்பா!" என்று துள்ளுவாள். அதற்காகவே அவர் சிலவேளை வேண்டுமென்றே பிழை விடுவார்.

ஒரு வெள்ளிக்கிழமை அர்ஹம் அவளுக்கு 73939133 என்று எழுதிக் காட்டினான். அது முதன்மை எண். ஒன்றையும் தன்னையும் தவிர வேறெதனாலும் மீதியின்றி வகுபடாது. கடைசி இலக்கத்தை அழித்தான். 7393913, அதுவும் முதன்மை எண். இன்னொன்றை அழித்தான், அதுவும் அப்படியே. வெறும் ஏழு மிஞ்சும் வரை ஒன்றுகூட உடையவில்லை. இந்த வகையில் இதைவிடப் பெரிய எண் கிடையாது என்றான். ஆதிலா வாயைப் பிளந்தாள். அதன் பிறகு எதற்கெடுத்தாலும் அர்ஹம் சாச்சாதான்.

அன்றிரவு நளீர் அந்த எண்ணைத் தாளில் எழுதி வைத்தார். கிடையாதாம், பெரிய கண்டுபிடிப்பு. அந்த எண்ணின் வாலில் இன்னோர் இலக்கம் ஒட்டிக் காட்டினால் இவன் முகம் எங்கே போகும்? இரட்டை இலக்கமும் ஐந்தும் சரிவராது. ஒன்றோ ஏழோ ஒட்டினால் மூன்றால் வகுபடும். மிச்சமிருந்த மூன்றிலும் ஒன்பதிலும் ஒன்பதைப் பிடித்துக்கொண்டார். 739391339. நூற்றுக்கு உட்பட்ட எல்லா முதன்மை எண்ணாலும் வகுத்துப் பார்த்தார், எதுவும் போகவில்லை. வர்க்கமூலம் வரை பார்க்காமல் நிறுத்தும் பிள்ளைகளின் காதைத் திருகுகிற மனுசன் அவர். இந்த எண்ணுக்கு இருபத்தேழாயிரம் தாண்டிப் போகவேண்டும். பொறாமைக்கு அவ்வளவு பொறுமை ஏது?

அடுத்த வெள்ளி ஜும்ஆத் தொழுகை முடிந்து சகனைச் சுற்றி உட்கார்ந்ததும், கை வைக்காமலே எண்ணைச் சொன்னார். அண்ணன் முறையில் நளீரைக் காக்கா என்றழைக்கும் அர்ஹம் கொஞ்சம் யோசித்தான்.

"ஓம் காக்கா, சரியாத்தான் இரிக்கி. நான்தான் பிழையாச் செல்லிட்டன்."

நளீருக்கு நெஞ்சு நிறைந்தது. மாமியும் என்ன விளங்கியதோ, நடுத்துண்டை அவர் பக்கம் தள்ளி வைத்தார்.

தண்ணீர் கொண்டு வந்த ஆதிலா அந்த எண் வகுபடுமா என்று ஃபோனில் தட்டிப் பார்த்தாள். முகம் மலர்ந்தது, வாய் திறந்தது. நளீர் அந்தப் 'பிழை வாப்பா' துள்ளலுக்காக ஒரு கணம் காத்திருந்தார். அவளோ சாச்சாவைப் பார்த்தாள். அவன் வேண்டாம் என்று மெதுவாகத் தலையசைத்தான். அவள் ஃபோனைக் கவிழ்த்து வைத்தாள்.

"சாப்பிடுங்க வாப்பா, மீன் ஆறிப் போகுது."

அவள் பிழை என்று சொல்லியிருந்தால் தாங்கியிருப்பார். இப்போது இரண்டு பேரும் சேர்ந்து அவருடைய மானத்தைக் காப்பாற்றுகிறார்கள். எல்லோரும் அவர் கைக்காகக் காத்திருந்தார்கள். நளீர் சகனில் கை வைத்தார்.