சிவப்புக் கூரை

...பதினாலு வெற்றி என்றால் பதினாலுதானே, அதில் சின்னப் பதினாலு, பெரிய பதினாலு என்று இருக்கிறதா என்று புருஷன் பாலேந்திரா சாப்பிட்ட கையைக் கழுவாமல் உட்கார்ந்து வாதாடினாரே, இருக்கிறது, ஏன் இல்லாமல், கிங்ஸ்பரி மாலினியின் மகள் எடுத்த ஏ-யும் நம் பிள்ளை எடுத்த ஏ-யும் ஒன்றா, அவள் எடுத்தது கெமிஸ்ட்ரியில், இவன் எடுத்தது பலகை அறுத்து ஆணி அடிக்கிற பாடத்தில்... ஒப்பிடுவதற்குத் தவமலருக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. பிளேஸ்டோவில் குடியிருந்துகொண்டே லண்டன் முழுக்க எந்தத் தமிழ்ப் பிள்ளை எந்தப் பாடத்தில் என்ன எடுத்தது என்று மனப்பாடமாய் வைத்திருந்தவள், மகன் யனுஷனை அளக்க அவளிடம் எப்போதும் யாராவது ஒரு பிள்ளை இருந்தது, அளந்து அளந்து அவனும் வளர்ந்து இருபது வயதாகி, இப்போது பார், ஊரெல்லாம் உலகக் கோப்பைக்கு இங்கிலாந்துக் கொடி கட்டத் தொடங்கிவிட்ட இந்த 2006 மே மாதத்தில், ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், விம்பிள்டன் கார் ஓட்டத்திடலில், வெங்காயம் பொரிகிற மணத்துக்கும் டயர் கருகுகிற மணத்துக்கும் நடுவே, தகரத்தை வெட்டி ஒட்டியது போன்ற ஒரு காருக்குள் ஹெல்மெட்டோடு உட்கார்ந்து, இருபது கார்களுக்குப் பின்னால் கடைசியாக நிற்கிறான்.

கடைசியாக நிற்பது மரியாதையாம்! இந்த நியாயம் பிடிபட அவளுக்கு இரண்டு வருடம் எடுத்தது. புதிதாக வருகிறவனின் காருக்கு வெள்ளைக் கூரை, அவன் முன்னால் நிற்பான், வெல்ல வெல்லக் கூரை மஞ்சளாகும், நீலமாகும், மகா கெட்டிக்காரனுக்குச் சிவப்பு, சிவப்புக் கூரைக்காரன் எல்லோருக்கும் பின்னால் நின்று எல்லோரையும் தாண்ட வேண்டும், வழிவிடாதவனை இடித்துத் தள்ளலாம், அதுவும் சட்டப்படி சரி. இடிப்பது சரி! காரை ஒருதரமும் இடிக்காமல் சேர்த்த இருபது வருட இன்சூரன்ஸ் நோ கிளெய்ம் போனஸைக் குலதெய்வம் போலக் காத்துவருகிற பாலேந்திராவுக்கு இப்படி ஒரு மகன்... ஆனால் அந்த மனிதர்தான் இந்தப் பைத்தியத்தில் முதலில் விழுந்தார், "இஞ்சேரும், கென் ஹார்லொக் எண்டு ஒரு பெரிய சம்பியன், எழுபதுகளில இந்தத் திடலையே ஆண்டவன், அவன் இருபது வயசில ஒன்பதுதான் வெண்டவன், எங்கட பிள்ளை பதினாலு!" வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் இதே பாட்டு, காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. அவள் விடுவாளா? பக்கத்து ஊரான பார்க்கிங்கில் கராஜ் வைத்திருக்கிற றெஜினோல்ட், இந்தக் காரைக் கட்டிக் கொடுத்தவன், அவனை மடக்கிக் கேட்டாள், அவனும் பொய் சொல்லத் தெரியாத மனிதன், தலையைச் சொறிந்துகொண்டு, "ஹார்லொக்கின்ர ஒன்பதில ஐஞ்சு சிவப்புக் கூரையோட வெண்டது அக்கா, தம்பி வெண்டதெல்லாம் முன்னுக்கும் நடுவிலயும் நிண்டு" என்றான். போதாதா? போன வாரம் யனுஷனின் கூரைக்குச் சிவப்பு அடித்த அன்றே அவனைப் பிடித்துக்கொண்டாள். "பின்னுக்கு நிண்டு ஒண்டு வெண்டு காட்டு. ஒரு ஓட்டம்தான். ஏலாட்டி இதை விட்டிட்டு செப்டெம்பர் யூனிக்குத் திரும்பிப் போ." பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடத்தோடு நிற்கிறது அக்கவுண்டன்சி. அவன் சிரித்துக்கொண்டு, "டீல், அம்மா" என்றான். ஏன் சிரித்தான்? தோற்க மாட்டேன் என்றா, அல்லது அம்மாவைத் தெரியும் என்றா...

பச்சைக் கொடி அசைந்துவிட்டது. முருகா, பிள்ளை கை கால் சுகத்தோடு வர வேண்டும், இது ஒன்று, வெல்லக் கூடாது, இது இரண்டு... காலையில் ஈஸ்ட்ஹாம் கோயிலில் ஒரே அர்ச்சனையில் இரண்டையும் சேர்த்துத்தான் கேட்டுவிட்டு வந்தாள், பெற்றவள் கேட்கிற வரமா இது, ஏன், அவன் நன்மைக்குத்தானே, நாளைக்கு ஒரு வேலை, ஒரு வீடு... எங்கே, சிவப்புக் கூரை எங்கே? முதல் வருடம் முழுக்கக் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு சத்தத்தை மட்டும் கேட்டவள், இன்றைக்கு மூட முடியவில்லை, அதோ, ஒரு நீலத்தை உள்பக்கமாக வெட்டித் தாண்டுகிறான், இன்னொன்றை, இதை எங்கே பழகினான், குளியலறைக்குள் போனால் வாளியைத் தட்டாமல் வெளியே வரத் தெரியாத பிள்ளை! மஞ்சள் ஒன்று சுவரில் மோதிச் சுழல்கிறது, அவன் அந்தப் புகைக்குள்... ஐயோ... வந்துவிட்டான், ஆறாவது, நான்காவது, பாலேந்திரா எழுந்து நின்றுவிட்டார், முன்னால் இன்னும் ஒரே ஒரு வெள்ளைக் கூரை, பால்குடி மறக்காத ஏதோ ஒரு பிள்ளை, அதற்கும் ஒரு தாய் இங்கே எங்கேயோ உட்கார்ந்திருப்பாள், பாவம், கடைசிச் சுற்று, வளைவு, "இடிச்சுத் தள்ளடா!" யார் கத்தியது? முன்வரிசை வெள்ளைக்காரக் கிழவர் திரும்பிப் பார்க்கிறார், பாலேந்திரா பார்க்கிறார்... அவள்தான். யனுஷன் இடித்தான், வெள்ளைக் கூரை ஆடியது, ஆனால் விலகவில்லை, ஒரு பொனட் நீளத்தில் அது முன்னால் போய்விட்டது. இவன் இரண்டாவது.

கேட்டது கிடைத்துவிட்டது. கை கால் சுகம், வெற்றியும் இல்லை, முருகன் ஒரு சொல் பிசகாமல் தந்திருக்கிறான், அப்படியென்றால் சாமியோடு ஏன் கோபம் வருகிறது, சொன்னதையெல்லாம் அப்படியே கேட்க வேண்டுமா அவன், ஒரு தாய் ஆயிரம் சொல்லுவாள்... அவளுக்கு அழுகை வந்தது, வெட்கமாகவும் இருந்தது. இருபது காரில் பத்தொன்பதைத் தாண்டியிருக்கிறானே, இருபதுக்குப் பத்தொன்பது, நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து, எந்தப் பரீட்சையில் இதற்கு ஃபெயில் போடுகிறார்கள்? பக்கத்தில் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்ற றெஜினோல்டின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். "உந்த ஹார்லொக், சிவப்பு அடிச்ச முதல் ஓட்டத்திலயே வெண்டவரோ?" அவன் விழித்தான். "எங்க அக்கா! முதல் ஆறிலயும் வெல்லேல்லை. ஏழாவதிலதான்." ஏழாவதில்! இதை ஏன் அன்றைக்கே சொல்லவில்லை இந்த மனிதன், சரி, அவள் எங்கே கேட்டாள், மாலினியின் மகள் அந்தக் கெமிஸ்ட்ரியை எத்தனை தரம் எழுதி ஏ எடுத்தாள் என்றும் அவள் இதுவரை கேட்டதில்லையே, இருபது வருடமாக எல்லோருடைய கடைசி மார்க்கையும் கொண்டுவந்து இந்தப் பிள்ளையின் முதல் மார்க்குக்குப் பக்கத்தில் வைத்தாளா...

யனுஷன் வந்தான், கக்கத்தில் ஹெல்மெட், மூக்கு நுனியில் கரி, முகத்தில் அந்தச் சிரிப்பு மட்டும் இல்லை. "டீல் இஸ் டீல், அம்மா. செப்டெம்பர் போறன்." அழாமல் சொல்லிவிட்டான், அவள்தான் கலங்கினாள். "எங்க போறாய்? ஹார்லொக் ஏழாவதிலதான் வெண்டவராம். ஒப்பிடுறதெண்டா ஒழுங்கா ஒப்பிட வேணும். உனக்கு இன்னும் ஆறு ஓட்டம் கிடக்கு." பிள்ளை அவளையே பார்த்தான், பிறகு மெல்ல, அந்தப் பழைய சிரிப்பு... கைக்குட்டையை எடுத்து அவன் மூக்குக் கரியைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதே அவள் மனம் அடுத்த கணக்குக்கு ஓடிவிட்டது, அந்த ஆறும் போய்விட்டால்? எட்டாவதில், பத்தாவதில் வென்ற சம்பியன் ஒருவனாவது இந்த நாட்டில் இல்லாமலா போயிருப்பான்... பிறகு றெஜினோல்டைத் தனியாகப் பிடித்துக் கேட்க வேண்டும்.