ஒன்பதாம் நம்பர் செல்

அந்த ஆய்வகத்தில் அவருக்குக் கறார் மேடம் என்று பெயர். சும்மா ஒன்றும் வைக்கவில்லை. ஒரு வகைச் செல்லுக்கு ஊட்டநீர் எடுத்த பாட்டிலிலிருந்தே இன்னொரு வகைக்கும் எடுத்துவிட்டால், ஒன்று மற்றதில் கலந்துவிடும் என்று, அது யாராக இருந்தாலும் அன்றைக்கு அர்ச்சனைதான். பெருங்குடல் புற்றுநோயோடு இருபத்திரண்டு வருடமாக மல்லுக்கட்டுகிறவர். அதில் பத்தொன்பது வருடம் ஒன்பதாம் நம்பர் செல்லோடு போயிற்று.

ஒன்பதாம் நம்பர் அவரே வளர்த்தது. ஒரு பெண்மணியின் குடலில் வெட்டியெடுத்த கட்டியிலிருந்து, இதெல்லாம் பிழைக்காது என்று மற்றவர்கள் உதட்டைப் பிதுக்கியபோதும், கண்ணும் கருத்துமாக வளர்த்து ஆளாக்கினார். அதை வைத்துப் பதினான்கு கட்டுரைகள் எழுதினார். அந்தப் பெண்மணி நாலே மாதத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார். மகன் பஸ் ஓட்டுகிறவர். வருடந்தோறும் அம்மா இறந்த தேதியில் வந்து நிற்பார். “அம்மாவப் பார்க்கலாமா மேடம்?” என்பார். மைக்ரோஸ்கோப்பில் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுவார். வெளியாள் உள்ளே வரக் கூடாது என்பது விதி. கறார் மேடம் கண்டும் காணாமல் விட்ட ஒரே விதி அதுதான் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

இந்த வருடம் ஓர் ஆய்விதழ், செல் அந்த நோயாளியுடையதுதானா என்று டிஎன்ஏ சோதனை கேட்டது. கேட்டால் கொடுத்துவிட்டுப் போகிறோம் என்று அனுப்பினார். மருத்துவமனையில் மெழுகில் பதித்துப் பத்திரமாக வைத்திருந்த அம்மாவின் பழைய சதையோடு ஒப்பிட்டார்கள். பொருந்தவில்லை. அது பக்கத்துத் தட்டில் வளர்ந்த, எந்த ஆய்வகத்திலும் கிடைக்கிற, யாரோ ஓர் ஆணின் செல். உறைபெட்டியில் சேமித்து வைத்திருந்த ஒன்பதாம் நம்பர் குப்பிகளும் அதே லட்சணம்தான்.

பழைய நோட்டைத் தேடி எடுத்தார். மூன்றாவது மாதத்தில் அவருடைய கையெழுத்தே இருந்தது: ‘புதுப் பாட்டில் வரவில்லை. இரண்டுக்கும் ஒரே பாட்டில். இன்று மட்டும்.’ இன்று மட்டுமாம்! இதையே வேறு யாராவது எழுதியிருந்தால் சும்மா விட்டிருப்பாரா?

பதினான்கு கட்டுரைகளையும் திரும்பப் பெறுகிறேன் என்று ஒரே காலையில் கடிதம் எழுதிவிட்டார். மானம் போகிற காரியம்தான். நாளை மறுநாள் பஸ் ஓட்டுநர் வருவார் என்பது அதற்கப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

“அவருகிட்ட எதுக்கு மேடம் சொல்லணும்?” என்றார் கூட வேலை பார்க்கிற டெக்னீஷியன் அம்மாள். “வருஷத்துல ஒரு நாள் வர்றாரு. பார்த்துட்டுப் போகட்டுமே.”

அது எவ்வளவு சுலபம் என்று கறார் மேடமும் இரண்டு நாள் யோசித்துப் பார்த்தார்.

ஓட்டுநர் வந்தார். சீருடைச் சட்டையோடு, வழக்கம்போல மைக்ரோஸ்கோப்புக்கு முன்னால் குனியப் போனார்.

“ஒரு நிமிஷம்,” என்றார் கறார் மேடம். “அது உங்கம்மா இல்ல.”

பாட்டில் கதையை ஒன்று விடாமல் சொன்னார். தப்பு யாருடையது என்பதையும் சொன்னார். ஓட்டுநர் ஸ்டூலில் உட்கார்ந்து சாவிக்கொத்தைத் திருப்பிக்கொண்டே கேட்டார்.

“அப்ப இத்தனை வருஷமா நான் பார்த்தது?”

“வேற ஒருத்தரு. பேரு தெரியாது.”

“எங்கம்மாவுது என்னாச்சு?”

“இது வேகமா வளர்ற செல். ஒண்ணு உள்ள போனாப் போதும், இருக்கிற சாப்பாட்டையெல்லாம் அதுவே தின்னுடும். உங்கம்மாவுது மெதுவா வளர்றது. சாப்பாடு கிடைக்காம, கொஞ்சம் கொஞ்சமா…”

சாவிக்கொத்து நின்றது.

“வீட்லயும் அப்படித்தான் மேடம்,” என்றார் ஓட்டுநர் கடைசியில். “எங்க நாலு பேருக்கும் போட்டுட்டு, சட்டியில ஒட்டினத வழிச்சுத் தின்னுவாங்க. கேட்டா பசிக்கலன்னுவாங்க. நாங்களும் நம்பிட்டோம்.”

எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

“அந்தத் தட்டுல சாப்பாடில்லாமச் செத்தது எங்கம்மாதான். அதுக்கு டெஸ்ட்டெல்லாம் வேண்டாம்.”