ஆறு மாசம்னா பேப்பர்ல போடச் சொல்லு

“ஓடிப் போயிடுடா. கனடாவுக்குள்ள பூந்துட்டா எவன் தேடப் போறான்?”

வர்ஜில் ட்ரக் சாவியை மகனின் கையில் திணித்தார். அதற்கே மூச்சு இரைத்தது. ரோவீனா அப்பாவின் மூக்கிலிருந்த ஆக்ஸிஜன் குழாயைச் சரிசெய்தாள். முப்பது வருடச் சுரங்கத் தூசி நுரையீரலை அடைத்துவிட்டது. இன்றைய பொழுது தாண்டாது என்று காலையில் நர்ஸ் சொல்லியிருந்தாள்.

கோய் சாவியையே பார்த்தான். ஆம்புலன்ஸ் கம்பெனி குமாஸ்தா. வண்டி போகாத இடங்களுக்குப் போனதாகக் காட்டி அரசிடம் பணம் கறக்க முதலாளி நீட்டிய தாள்களில் கையெழுத்துப் போட்டவன். ‘முப்பத்தைந்து ஆண்டு வரை சிறை’ என்று அரசு வக்கீல் அலுவலகம் அறிக்கை விட்டது. பத்திரிகை அதை அவன் படத்தோடு முதல் பக்கத்தில் போட்டது.

“நீ வெளிய வர்றப்ப என்னை மாதிரி கெழவனாயிருப்ப” என்றார் வர்ஜில்.

“அக்கா... கிளம்பிடவா?”

“ஓடினாத்தான்டா நெஜமாவே வருஷக்கணக்கா உள்ள கெடப்ப.”

போன் அடித்தது. கோயின் வக்கீல். ரோவீனா ஸ்பீக்கரில் போட்டாள்.

“குத்தத்தை ஒத்துக்கிட்டா அரசுத் தரப்புல ஆறு மாசம்தான் கேப்பாங்களாம். எழுதியே அனுப்பிட்டாங்க.”

“அப்போ முப்பத்தஞ்சு?” என்றான் கோய்.

“அது ஏழு குத்தத்துக்கும் சட்டத்துல இருக்கற உச்சபட்சத்தைக் கூட்டிச் சொன்னது. பேப்பருக்குச் சொல்றதுதான். கோர்ட்ல அதைக் கேக்க மாட்டாங்க.”

ரோவீனா குனிந்தாள். “கேட்டியாப்பா? ஆறே மாசம்.”

வர்ஜில் சிரித்தார். “உங்கம்மா சாகறப்ப நானும் இப்படித்தான் சொன்னேன். கட்டி கரைஞ்சிடுச்சு, வீட்டுக்குப் போயிடலாம்னு.” இருமி முடித்தார். “ஆறு மாசம்னா பேப்பர்ல போடச் சொல்லு.”



“அதுக்கெல்லாம் அறிக்கை விட மாட்டாங்க சார்” என்றாள் வக்கீல்.

“பாத்தியா?” வர்ஜில் மகனின் சட்டையைப் பிடித்து இழுத்தார். “கிளம்புடா. நான் பாக்கறப்பவே கிளம்பு.”

கோய் அக்காவைப் பார்க்கவில்லை. அப்பாவின் நெற்றியில் முத்தமிட்டான். “சரிப்பா. கிளம்பறேன்.”

“கோய்!”

கதவு சாத்திக்கொண்டது. ட்ரக் உறுமியது. பின்னாலேயே ஓடப் போனவளின் மணிக்கட்டை அப்பா பிடித்திருந்தார். சத்தம் சரிவில் இறங்கித் தேயும்வரை விடவில்லை.

“போயிட்டான்” என்றார்.

நாலு மணிக்கு அவர் மூச்சு நின்றது.

ரோவீனா போர்வையை இழுத்துவிட்டு, கோட்டுகூடப் போடாமல் சாலையில் இறங்கினாள். நடந்தாளா, ஓடினாளா என்று அவளுக்கே தெரியவில்லை.

இரண்டாவது வளைவில், பாலத்துக்கு இந்தப் பக்கம், ட்ரக் நின்றிருந்தது. எஞ்சின் அணைந்திருந்தது. கோய் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான்.

“சத்தம் அப்பாவுக்குக் கேட்டுச்சா?”

“கேட்டுச்சு.”

அவள் மறுபக்கம் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினாள். கண்ணாடியில் மழை விழ ஆரம்பித்திருந்தது. இருவரும் அதைத் துடைக்கவில்லை.