சாம்பிளுக்குப் போட்ட வீடு

“டெஸ்ட் குமார் இருக்காரா?”

கையில் டேப்லெட்டோடு வாசலில் நின்ற இளைஞன் கேட்டான். அரிசி களைந்துகொண்டிருந்த பேராச்சி ஈரக்கையை உதறினாள்.

“அப்படி யாரும் இங்க இல்லய்யா. நானும் எங்க வீட்டு ஆளும் மவளும்தான்.”

“டெமோ சர்மா?”

“அவன் எவன்?”

“உங்க ரூம்ல நாப்பது பேர் குடியிருக்கறதா எங்க லிஸ்ட் சொல்றது, ஆன்ட்டி.”

பேராச்சி திரும்பித் தன் அறையைப் பார்த்தாள். ஒரு கட்டில், ஒரு பீரோ, அடுப்பு மேடை. கட்டிலில் லேப்டாப்போடு மகள் மாரீஸ்வரி.

“நாங்க மூணு பேரு படுத்தாலே கதவு சாத்த முடியாது. நாப்பது பேரும் எங்க படுக்காவளாம், பீரோவுக்குள்ளயா?”

வந்தவன் பெயர் கௌசிக். மாட்டுங்காக்காரன். பம்பாய் லேபர் கேம்ப் குடியிருப்பில் இவர்களுடைய வரிசையை இடித்துக் கட்டப்போகும் பில்டருக்காகக் கணக்கெடுக்கும் கம்பெனியில் வேலை. கணக்கு சரியாக வந்த அறைக்குத்தான் புது வீடு. புது வீடென்றால் பேராச்சிக்கு ஒன்றே ஒன்றுதான்: வீட்டுக்குள்ளேயே கக்கூஸ். வீங்கிய முட்டியை வைத்துக்கொண்டு சந்துக் கடைசிப் பொதுக் கக்கூஸ்வரை நடக்க வேண்டாம்.

“ஏட்டி மாரி, இவன் என்ன சொல்லுதான்னு கேளு.”

மாரீஸ்வரி டேப்லெட்டை வாங்கிப் பார்த்தாள். முகம் மாறிற்று.

“அட்ரஸைப் பிரிக்க எந்த லைப்ரரி போட்டிருக்கீங்க?”

“ஒரு ஓப்பன் சோர்ஸ் லைப்ரரி. மாரின்னு யாரோ எழுதினது. ஏன்?”

“நான்தான் அந்த மாரி.”

“அரே! நீங்களா? டாகுமென்டேஷன் என்ன நன்னா எழுதியிருக்கேள்! அதுல இருந்த சாம்பிளை அப்படியே எடுத்து ஒட்டினோம். முதல் தடவையே ஓடித்து.”

“அப்படியேவா?”

“ஒரு எழுத்து மாத்தலை.”

“அதான் ஓடி வந்து என் வீட்டுல நிக்குது.”

பேராச்சி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். “தமிழ்லதான பேசுதிய? எனக்குப் புரியுற மாதிரி சொல்லு.”

“யம்மா, நான் ஒரு புரோகிராம் எழுதி நெட்டுல வெச்சேம்லா? தாறுமாறா எழுதுன அட்ரஸ ரூம், சால் வரிசை, ரோடுன்னு பிரிச்சுக் கொடுக்கிறது. அத எப்படி உபயோகிக்கணும்னு ஒரு விளக்கமும் எழுதினேன். அட்ரஸ் புரியலன்னா பதிலுக்கு வேற ஒரு அட்ரஸ் போட்டுக்கிடலாம்னு காட்டுறதுக்கு, சாம்பிளுக்கு நம்ம வீட்ட போட்டேன். இவங்க அதையும் மாத்தாம வெச்சிருக்காங்க. புரியாத ஆளெல்லாம் நம்ம வீட்டுக்கு வந்துட்டாங்க.”

“பம்பாயில வேற வீடே இல்லையா?”

“மனப்பாடமாத் தெரிஞ்சது இது ஒண்ணுதான்.”

“யாரு வேணும்னாலும் எடுத்துக்கிடலாம்னு வேற எழுதி வெச்சியோ?”

“ஆமா. சும்மாவே எடுத்துக்கிடலாம்.”

“நல்ல தர்மம். வீட்டையும் சேத்துல்லா கொடுத்திருக்க.”

கௌசிக் சிரிப்பை அடக்கிக்கொண்டான். “கவலைப்படாதேங்கோ, ஆன்ட்டி. டெஸ்ட் குமாரும் டெமோ சர்மாவும் எங்க ஆஃபீஸ்ல சோதனைக்குப் போட்ட பேர். ‘இவா யாரும் இங்க இல்லை’ன்னு ஒரு கையெழுத்துப் போட்டா, ரூம் கிளியர்.”

“போடுட்டி.”

மாரீஸ்வரி திரையைக் கீழே தள்ளிக்கொண்டே போனாள். “சஃப்ரீன். ராஹில். சுப்புலக்ஷ்மி...”

“சஃப்ரீனா? நம்ம மேல இருக்காளே, அவளா?”

எல்லாருமே இரும்பு ஏணி ஏறிப் போகிற மேல் அறைக்காரர்கள். அந்த அறைகளுக்கு எண் கிடையாது. ‘பேராச்சி வீட்டுக்கு மேலே’ என்றுதான் சஃப்ரீன் எழுதிக் கொடுத்திருப்பாள். புரோகிராமுக்குப் பேராச்சியைத் தெரியாது.

“நான் கையெழுத்துப் போட்டா இவங்க எங்க போவாங்க?” என்றாள் மாரீஸ்வரி.

“அட்ரஸ் இல்லாதவா லிஸ்டுக்கு.”

“வீடு?”

“அந்த லிஸ்டுக்கு வீடு கிடையாது.”

“இன்னிக்கே திருத்தித் தாரேன். மறுபடி ஓட்டுங்க.”

“முடியாது. பழைய வெர்ஷன்லயே பூட்டியாச்சு, ரிசல்ட் பில்டர்ட்ட போயாச்சு. மாத்தணும்னு சொன்னா மேனேஜர் முதல்ல என்னைத்தான் மாத்துவார். இனிமே உள்ள போறது வீட்டுக்காரா கையெழுத்து மட்டும்தான்.”

“எல்லாரும் இங்கதான் இருக்காங்கன்னு போட்டா?”

“நாப்பது பேருக்கும் சேர்த்து ஒரு வீடு.”

“எதுவுமே போடலன்னா?”

“பெண்டிங். அவாளை நீக்க முடியாது, உங்களுக்கும் வீடு ஒதுக்க மாட்டா. ரூமைப் பூட்டிண்டு எங்கயும் போகவும் கூடாது. செக்கிங் எப்ப வேணா வரும். ஆள் இல்லைன்னா காலின்னு எழுதிடுவா.”

“ஏட்டி, கையெழுத்தப் போடு,” என்றாள் பேராச்சி. “அவவ பாட்ட அவவ பாத்துக்கிடுவா. என் முட்டிய யாரு பாக்கா?”

தலைக்கு மேல் ஏணி கடகடத்தது. சஃப்ரீன் இறங்கி வந்து வாசலில் எட்டிப் பார்த்து, என்ன விஷயம், வந்தவன் யார் என்று இந்தியில் கேட்டாள்.

“க்யா ஹுவா, அம்மா? யே கோன்?”

டேப்லெட் திரையில் அவள் பெயர் வெளிச்சமாக இருந்தது. பேராச்சி அதை மறைத்து நின்று, ஒன்றுமில்லை என்று கையசைத்தாள்.

“குச் நஹி. லைட் பில்லு.”

“ஜாஸ்தி ஆயா க்யா?”

“பஹுத் ஜாஸ்தி.”

சஃப்ரீன் உதட்டைப் பிதுக்கினாள். பிறகு கை நீட்டி, “டப்பா தோ,” என்றாள். தினமும் நடப்பதுதான். பேராச்சியின் தண்ணீர் டப்பாவைத் தன் டப்பாவோடு கக்கூஸ் வரிசையில் வைப்பாள். முறை வரும்போது கூப்பிடுவாள். பேராச்சி கதவுக்குப் பின்னாலிருந்த டப்பாவை எடுத்துக் கொடுத்தாள். அவள் சந்தில் திரும்பும்வரை பார்த்துக்கொண்டே நின்றாள்.

“தம்பி, பெண்டிங்னே போட்டுட்டுப் போ.”

“எத்தனை நாளாகும்னு என்னால சொல்ல முடியாது, ஆன்ட்டி.”

“ஒங்கிட்ட யாரு கேட்டா?”

அவன் போனதும் மாரீஸ்வரி லேப்டாப்பைத் திறந்தாள். விளக்கப் பக்கத்திலிருந்து தங்கள் வீட்டை அழித்தாள். அந்தக் காலி இடத்தில் கர்சர் துடித்துக்கொண்டிருந்தது.

“வேற எதாம் வீட்ட போடேன்.”

“அதுலயும் யாராவது இருப்பாங்கள்லா, யம்மா.”

கடைசியில் ஒரு வரி எழுதினாள். ‘முகவரி புரியாவிட்டால் நிறுத்து, அந்த ஆளையே கேள்.’ புது வெர்ஷன் வெளியே போயிற்று. கௌசிக் கம்பெனியின் பூட்டுக்குள் அது போகாது.

“அம்மா, நம்பர் ஆயா!” சந்துக் கடைசியிலிருந்து சஃப்ரீனின் குரல்.

மாரீஸ்வரி எழுந்து தாயின் கையைப் பிடித்தாள். பேராச்சி உதறிவிட்டுச் சுவரைப் பிடித்தபடி படி இறங்கினாள்.

“நீ எங்கிட்டு வார? இரி அங்கேயே. வீட்டுல ஆளு இருக்கணும்.”