இறக்கை இளவரசனும் ஏ.சி. மெக்கானிக்கும்

புத்தகத்தைக் கருவிப் பைக்குள், ஸ்பேனர்களுக்கு அடியில் ஒளித்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பினேன். நாற்பத்தாறு வயதில் காதல் கதையைத் திருட்டுத்தனமாகப் படிக்க வேண்டிய நிலை எனக்கு. எல்லாம் வாயால் வந்த வினை. மருந்துக்கடையில் வேலை செய்யும் என் மனைவி, ஊரே படிக்கிறதென்று அந்தத் தடிப் புத்தகத்தை இரவல் வாங்கி வந்திருந்தாள். அட்டையில் இறக்கை முளைத்த இளவரசன், சட்டையில்லாமல். "பாவம், தையல்காரன் கிடைக்கல போல" என்று என் தங்கை குடும்பத்தின் முன்னால் சொல்லி விழுந்து விழுந்து சிரித்தேன். அன்றிலிருந்து மூன்று வாரமாக எனக்குச் சாப்பாடு உண்டு, பேச்சு இல்லை. அவள் பேசாத வீட்டில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

சமாதானம் பேசப் போவதானால் அதற்குள் என்ன இருக்கிறதென்றாவது தெரிய வேண்டாமா? முதல் நாற்பது பக்கம் தலையில் அடித்துக்கொண்டேன். இளவரசன் பெருமூச்சு விட்டால் எரிமலை வெடிக்கிறது. கதாநாயகி ஐந்து பக்கத்துக்கு ஒருமுறை மயங்கி விழுகிறாள். ஒருவரும் வைத்தியரிடம் காட்டுவதில்லை. ஆனால் எண்பதாம் பக்கத்தில் அவளைக் கடத்திக்கொண்டு போனபோது, எனக்கு வேனை விட்டு இறங்க மனம் வரவில்லை. மூன்றாவது மாடியில் ஒரு வாடிக்கையாளர் ஏ.சி. இல்லாமல் வெந்துகொண்டிருந்தார்.

அப்போதுதான் ஓரத்தில் இருந்த பென்சில் டிக்குகளைக் கவனித்தேன். முத்தக் காட்சிகளுக்கு ஒன்றுகூட இல்லை. இளவரசன் வாளைக் கழற்றி வைத்துவிட்டு, அவள் அன்றைக்குப் பட்ட பாட்டையெல்லாம் குறுக்கே பேசாமல் கேட்கிறானே, அங்கே ஒரு டிக். அறுந்துபோன அவள் செருப்பு வாரைச் சொல்லாமலே தைத்து வைக்கிறான், அங்கே இரண்டு. எனக்குச் சுருக்கென்றது. ஊரார் வீட்டு மெஷினைக் காதால் கேட்டே கோளாறு சொல்கிறவன் நான். என் வீட்டில் இருப்பவளை இப்படிக் காது கொடுத்துக் கேட்டதில்லை.

அன்று மாலை போனை அணைத்துவிட்டு, கடையில் என்ன நடந்ததென்று கேட்டேன். சந்தேகமாகப் பார்த்து, மூன்று வாக்கியம் சொன்னாள். மறுநாள் பிய்ந்திருந்த அவள் செருப்பு வாரை ஒட்டி வைத்தேன். மூன்றாம் நாள், சீட்டில்லாமல் தூக்க மாத்திரை கேட்டுச் சண்டை போட்டவனின் கதையை அரை மணி நேரம் நடித்தே காட்டினாள். முடிவில், "எதையாவது உடைச்சுட்டீங்களா?" என்றாள்.

நாலாம் நாள், திருப்பிக் கொடுப்பதற்காகப் புத்தகத்தைத் தேடி என் பையிலிருந்து எடுத்துவிட்டாள்.

"இது உங்க கட்டைவிரல்தானே?"

நூற்றுப்பத்தாம் பக்கத்தில் கிரீஸ் ரேகை பளிச்சென்று இருந்தது.

"நீ டிக் போட்டதையெல்லாம் பார்த்துத்தான்..." என்று அசடு வழிந்தேன்.

"நானா? நீங்க சிரிச்ச அன்னைக்கு இருபதாம் பக்கத்துல மூடினவ, அப்புறம் தொடவே இல்லை. அதெல்லாம் புஸ்தகம் குடுத்தாங்களே, எங்க கடை அக்கா, அவங்க போட்டது."

யாரோ ஓர் அக்காவின் ஆசைகளை என் மனைவியிடம் நிறைவேற்றிக்கொண்டிருந்திருக்கிறேன். அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, எனக்கும்தான். சிரித்து ஓய்ந்ததும், "அன்னைக்கு எல்லார் முன்னாடியும் நான் சிரிச்சது தப்பு" என்றேன். அவள் அட்டையைத் திருப்பிப் பார்த்தாள்.

"இவன் இறக்கையோட எப்படித் தூங்கறான்?"

"அதைத்தான் நானும் தேடறேன். இன்னும் வரலை."

சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்து இருபத்தோராம் பக்கத்தைத் திறந்தாள். பிறகு என் பக்கம் சாய்ந்து, காதில் செருகியிருந்த பென்சிலை உருவிக்கொண்டாள்.