தூங்காத விரல்

மறியல் தொடங்கி நாலைந்து நாளாகக் கள்ளக்குறிச்சியில் பஸ் ஓடவில்லை. இடஒதுக்கீடு கேட்டு வெட்டிப் போட்ட புளியமரங்கள் சாலையெங்கும் படுத்துக் கிடந்தன. ஊரே மதியத் தூக்கத்தில் விழுந்துவிட்டது போலிருந்தது. காக்கைகூடச் சோம்பலாகத்தான் கரைந்தது.

நூர்ஜகானின் கணவர் முகம்மது கவுஸ், கல்வராயன் மலையில் சாமை வாங்கி விற்கும் வியாபாரி. பணத்தோடு காட்டுவழி ஏறுகிறவர் என்று கைத்துப்பாக்கிக்கு லைசென்ஸ் கிடைத்திருந்தது. சேலத்துக் கடைக்காரர் இரண்டை எடுத்துக் காட்டியிருந்தார். ஒன்று ரிவால்வர். அதற்குப் பூட்டு கிடையாது. விசையைப் பலம் கொடுத்து நீளமாக இழுக்க வேண்டும். மற்றது பிஸ்டல். கட்டைவிரல் பக்கம் சின்னதாக ஒரு பூட்டு. அதைக் கீழே தள்ளிவிட்டால் லேசாகத் தொட்டாலே வெடிக்கும்.

"பூட்டு இருக்கறதையே வாங்குங்க" என்று நூர்ஜகான் அடம்பிடித்தாள். பீரோவுக்குப் பூட்டு, சர்க்கரை டப்பாவுக்குப் பூட்டு என்று வாழ்கிறவள் வேறென்ன சொல்வாள்! கவுஸும் தலையாட்டிவிட்டு, வழி திறக்கும்வரை தீப்பெட்டியைத் துப்பாக்கியாகக் கையில் பிடித்துப் பழக ஆரம்பித்தார். கட்டைவிரல் கீழே, ஆட்காட்டி விரல் பின்னால். சோறு ஆறிப்போனாலும் அதே வேலைதான்.

அன்று மதியம் பாயில் கண்ணயர்ந்திருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்த நூர்ஜகானுக்கும் கண் சொக்கியது. ஜன்னல் வெயிலில் தூசி மிதந்தபடி இருந்தது. அப்போது அவருடைய வலது கை மெல்ல மேலே எழுந்தது. வெறுங்கைதான். கட்டைவிரல் கீழே இறங்கியது.

"நில்லு மாயவா" என்று உதடு முணுமுணுத்தது.

மாயவன் மலையில் அவருக்கு வழிகாட்டி நடப்பவன், சிநேகிதன். அவன் வீட்டுக் கூழைக் குடித்துவிட்டு, அவன் பக்கத்திலேயே படுத்து மதியம் உறங்குவது கவுஸின் வழக்கம். அவனைப் போயா! மலையில் கூட வருகிறவனே வழிப்பறி செய்வான் என்று ஊரில் திரிந்த வதந்தியெல்லாம் மனுஷனின் தூக்கத்துக்குள் புகுந்துவிட்டது.

நூர்ஜகான் விசிறியைக் கீழே போட்டாள். தன் விரலை அவர் ஆட்காட்டி விரலுக்குள் கொடுத்து, எதிர்ப்பக்கம் இழுத்துப் பிடித்தாள். அவர் விரல் முயன்று பார்த்தது. பாதி தூரம்கூட வர முடியாமல் துவண்டு விழுந்தது.

அவர் எழுந்ததும் டீயை நீட்டினாள்.

"பூட்டு போட்டது வேணாங்க. இழுக்கக் கஷ்டமா இருக்குன்னீங்களே, அதையே வாங்குங்க."

"இன்னா நூரு, நீதான பூட்டு பூட்டுன்னு உயிர வாங்கினே?"

"தூக்கத்துலயே தொறந்துட்டீங்களே."

கவுஸ் சிரித்தார். "யார சுட்டுக்கினு இருந்தேன்?"

மறைத்துவிடலாமா என்று நினைத்தாள். மனசு கேட்கவில்லை.

"மாயவன."

டீயைக் கீழே வைத்தார். முகம் வெளுத்துவிட்டது. வெறும் கனவுதான் என்று அவருக்கு யார் சொல்வது?

"பட்டுச்சா?" என்றார்.

"இல்லீங்க. நான் வுடல."